நான்கு நாள் அடைக்கலம்

அடைக்கலம் என்பது தமிழர் பெரிதும் போற்றிய சொற்களுள் ஒன்று. ஒருவர் தமக்கு அரிய பொருளையோ உயிரையோ மற்றொருவரிடம் நம்பி ஒப்படைப்பதும், ஏற்றவர் அதனைத் தம் பொருளினும் மேலாகக் காத்து மீண்டும் அவர் கையிற் சேர்ப்பதும் அச்சொல்லுள் அடங்கும். சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் கண்ணகியை மாதரி என்னும் ஆயர்குல மூதாட்டியிடம் அடைக்கலமாக அளிக்கிறார். கோவலன் கொலையுண்டு, கண்ணகியும் மதுரையை விட்டு நீங்கிய பின்னர், ஏற்ற அடைக்கலத்தைக் காக்க இயலாமற் போயிற்றே என்று வருந்திய மாதரி தீயிற் புகுந்து உயிர் துறந்தாள் என்று அக்காப்பியம் கூறுகிறது. நடந்த கொடுமைக்கு அம்மூதாட்டி எவ்வகையிலும் காரணம் அல்லள். ஆயினும், ‘நான் ஏற்றுக்கொண்டேன்’ என்ற ஒரு சொல்லின் சுமையை அவள் இறுதிவரை இறக்கி வைக்கவில்லை.

காவிரி பாயும் தஞ்சை நாட்டில் உறவினர் ஊருக்குச் செல்லும்போது எத்தனையோ பொருள்களை ஒருவர் மற்றவரிடம் விட்டுச் செல்வதுண்டு. வீட்டுச் சாவியை அடுத்த வீட்டாரிடம் கொடுப்பர். கறவை மாட்டைத் தம்பி வீட்டுத் தொழுவத்திற் கட்டுவர். துளசி மாடத்திற்கு நீர் ஊற்றும்படி தங்கையிடம் சொல்லிச் செல்வர். சாவி, வைத்த இடத்தில் இருக்கும். மாடு, கட்டிய இடத்தில் நின்று வைக்கோல் மெல்லும். ஆனால் சில வேளைகளில் ஒப்படைக்கப்படுவது ஒரு நாய்க்குட்டியாக இருக்கும். அது வைத்த இடத்திலும் இராது. கட்டிய இடத்திலும் நில்லாது. ஆகவே அதனைக் காப்பதற்கு நல்ல மனம் மட்டும் போதாது, அறிவும் வேண்டும்.

நாய்க்கும் மனிதனுக்கும் உள்ள தொடர்பு மிகத் தொன்மையானது. திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்னும் ஊரில் ஒரு நடுகல் உள்ளது. முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது அது. எருமை மந்தையைக் காக்கும் போரில் உயிர்நீத்த வீரன் ஒருவனுக்காக நாட்டப்பட்ட அக்கல்லில், அவனோடு அவனுடைய நாயின் உருவமும் செதுக்கப்பட்டுள்ளது. அந்நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் அக்கல்வெட்டு தெரிவிக்கிறது. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் ஒரு நாயின் பெயர் அழியாமல் நிற்கிறது. மனிதனுக்கு நாய் செய்த காவலுக்கு அக்கல் சான்று.

நாய்க்கு மனிதன் செய்த காவலுக்கும் சான்று உண்டு. செருமானிய நாட்டில் பான் நகரை அடுத்த ஓபர்காசெல் என்னும் இடத்தில் 1914ஆம் ஆண்டு கல் உடைத்த தொழிலாளர், பழைய புதைகுழி ஒன்றைக் கண்டனர். ஏறத்தாழ 14,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஆண் ஒருவர், பெண் ஒருத்தி ஆகியோரின் எலும்புகளோடு நாய் ஒன்றின் எலும்புகளும் அங்கே கிடைத்தன. 2018ஆம் ஆண்டு வெளியான ஆராய்ச்சி ஒன்றில் அந்நாயின் பற்கள் நுணுகி ஆராயப்பட்டன. அது ஏறத்தாழ ஏழு மாதமே நிரம்பிய குட்டி என்பதும், இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்னரே டிஸ்டெம்பர் என்னும் கொடிய தொற்றுநோய்க்கு ஆளாகியிருக்கக்கூடும் என்பதும் அதனால் புலனாயின. அந்நோய் முற்றிய குட்டி, பேணுவார் இல்லையேல் மூன்று வாரத்திற்குள் இறந்துவிடும். இக்குட்டியோ அதனினும் நெடுநாள் வாழ்ந்திருக்கிறது. யாரோ அதனைத் துடைத்துத் தூய்மை செய்து, குளிரில் வெப்பம் அளித்து, நீரும் உணவும் ஊட்டியிருக்க வேண்டும் என்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். நோயுற்ற குட்டி வேட்டைக்கும் உதவாது, காவலுக்கும் உதவாது. பயன் கருதாமல் ஓர் இளம் உயிரைக் காக்கும் இயல்பு உழவுத் தொழிலினும் முந்தியது என்பதை அப்புதைகுழி காட்டுகிறது.

அவ்வியல்பை நான்கு நாள் அளவில் ஒரு வீட்டில் எவ்வாறு செயற்படுத்துவது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். குடமுருட்டி ஆற்றங்கரையிலுள்ள சிற்றூர் ஒன்றில், ஒன்பதாம் வகுப்பிற் பயிலும் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன் இருக்கிறான் என்று கொள்க. அவனுடைய சித்தி தஞ்சாவூர் நகரில் வாழ்பவர். அவர் குடும்பத்தோடு இராமேசுவரம் சென்று வரும் வரையில், தம் நாய்க்குட்டியை அக்காள் வீட்டில் விட்டுச் செல்ல வருகிறார். குட்டியின் பெயர் மணி. அதற்கு வயது நான்கு மாதம். நாட்டு நாய் இனம், செம்மண் நிறம், ஓயாத ஓட்டம். திண்ணையில் இறக்கி விட்ட அளவிலேயே அது முற்றத்தை மும்முறை சுற்றி, உலர்த்தியிருந்த வேட்டியை இழுத்து, தண்ணீர்ச் செம்பை உருட்டிவிடுகிறது.

“தம்பி, நான்கு நாளைக்கு மணி உன் பொறுப்பு. அவன் ஒரு நிமிடம் சும்மா இருக்கமாட்டான்” என்கிறார் சித்தி.

“நான் பார்த்துக்கொள்கிறேன், சித்தி” என்கிறான் சிறுவன்.

அருகிலிருந்த தந்தை, “பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்வது எளிது. எதையெதைப் பார்க்க வேண்டும் என்று சித்தியிடம் கேட்டுக்கொண்டாயா?” என்கிறார்.

அக்கேள்வியே காவலின் முதற்படி. சிறுவன் குறிப்பேடு ஒன்றை எடுத்து வந்து கேட்டு எழுதிக்கொள்கிறான். எத்தனை வேளை உணவு, எவ்வளவு, எந்த உணவு ஒவ்வாது என்பன முதலிற் கேட்கத்தக்கவை. எந்தச் சொல்லுக்கு அது கட்டுப்படும், எதற்கு அஞ்சும் என்பன அடுத்தவை. தடுப்பூசிகள் எந்நாளிற் போடப்பட்டன, போட்டதற்குரிய அட்டை எங்கே, நோயுற்றால் எந்தக் கால்நடை மருத்துவரை அணுக வேண்டும் என்பன இன்றியமையாதவை. சித்தி தடுப்பூசி அட்டையையும், குட்டி நாள்தோறும் படுக்கும் பழைய போர்வையையும் கொடுத்துவிட்டு விடைபெறுகிறார்.

நான்கு நாள் என்பது மிகக் குறுகிய காலம் என்று சிறுவன் எண்ணக்கூடும். அக்கணக்கைக் குட்டியின் பக்கம் நின்று பார்த்தல் வேண்டும். நான்கு மாதக் குட்டி உலகில் வாழ்ந்திருப்பது ஏறத்தாழ 120 நாள். அதில் நான்கு நாள் என்பது முப்பதில் ஒரு பங்கு. பதினான்கு வயதுச் சிறுவனின் வாழ்நாளில் முப்பதில் ஒரு பங்கு என்பது ஐந்து மாதத்திற்கும் மேலாகும். பெற்றோரைப் பிரிந்து, அறியாத ஊரில், அறியாத மனிதரிடையே ஐந்து மாதம் இருக்க நேர்ந்தால் அச்சிறுவன் எவ்வாறு இருப்பான்? அந்நிலையிலேதான் குட்டியும் இருக்கிறது. பெரியவர்க்குச் சிறிதாகத் தோன்றும் காலம் சிறியவர்க்குப் பெரிது.

முதல் இரவு கடினமானது. விளக்கணைந்ததும் குட்டி கதவருகே நின்று முனகும், பின்னர் அழும். அது பிடிவாதம் அன்று, பிரிவுத் துயரமேயாகும். அந்நேரத்தில் அதனை அதட்டுவதாற் பயனில்லை. சித்தி கொடுத்துச் சென்ற போர்வை அப்பொழுது பெரிதும் உதவும். மனிதனைவிட நாய்க்கு மோப்ப ஆற்றல் பன்மடங்கு மிகுதி. மணம் அறியும் உணர்வணுக்கள் நாயின் மூக்கிற் பத்துக் கோடிக்கும் மேற்பட்டு உள்ளன. ஆதலால், கண்ணுக்கு எட்டாத சித்தி, குட்டியின் மூக்குக்கு அந்தப் போர்வையில் இருக்கிறார். நாய் வீட்டுக்குள் வருவதைப் பாட்டி விரும்பாததால், சிறுவன் கொல்லைத் தாழ்வாரத்தில் போர்வையை விரித்துத் தானும் அருகே பாய் போட்டுப் படுக்கிறான். நள்ளிரவுக்குள் அழுகை ஓய்கிறது. துணை இருக்கிறது என்று அறிந்த உயிர் எளிதில் உறங்கும்.

உறக்கம் குட்டிக்கு உணவைப் போன்றது. ஓயாது துள்ளுவதாகத் தோன்றும் குட்டி, ஒரு நாளின் பெரும்பகுதியை உறங்கியே கழிக்கிறது. அவ்வுறக்கத்திலேதான் அது வளர்கிறது. விளையாட்டு ஆர்வத்தால் பிள்ளைகள் அதனை எழுப்பிக்கொண்டே இருந்தால், அது களைத்துச் சினமுற்றுக் கடிக்கத் தொடங்கும். உறக்கம் நீங்கி எழுந்தவுடனும், உணவு உண்டவுடனும், விளையாடி முடித்தவுடனும் அதனைக் கொல்லைப்புறம் அழைத்துச் செல்ல வேண்டும். இம்மூன்று வேளைகளையும் தவறாது கடைப்பிடித்தால் வீட்டுக்குள் சிறுநீர் கழிக்கும் தொல்லை பெரிதும் குறையும். தவறி நேர்ந்துவிட்டால், அவ்விடத்தைக் கழுவிவிடுதலே போதும். நிகழ்ந்து முடிந்ததற்காகப் பின்னர் அடித்தால், அடி எதற்கு என்று குட்டிக்கு விளங்காது. அடிப்பவனிடம் அச்சம் மட்டுமே அதன் மனத்தில் தங்கும்.

உணவில் மாற்றம் கூடாது. பழகிய உணவைப் பழகிய வேளையில் கொடுப்பதே நன்று. நான்கு மாதக் குட்டிக்கு நாளைக்கு மூன்று வேளை சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். அன்பு மிகுதியால் இலையில் மிஞ்சியதை எல்லாம் இடுவது தீங்காக முடியும். வெங்காயமும் பூண்டும் நாயின் குருதியிலுள்ள சிவப்பணுக்களைச் சிதைக்கும் தன்மையுடையன. ஆகவே தஞ்சைத் தாளிப்பு மணக்கும் சின்ன வெங்காயச் சாம்பார் மனிதனுக்கு விருந்து, குட்டிக்கு நஞ்சு. பாயசத்தில் மிதக்கும் உலர்ந்த திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட்டும் அதற்கு ஆகாது. வெந்த கோழி எலும்பு கூரிய சிம்புகளாக உடைந்து குடலைக் கிழிக்கும். தூய குடிநீர் மட்டும் எந்நேரமும் அதற்கு எட்டும் இடத்தில் இருத்தல் வேண்டும்.

இரண்டாம் நாள், குட்டியின் இயல்பு முழுமையாக வெளிப்படுகிறது. சிறுவனின் செருப்பு, தங்கையின் பாவாடை, பாட்டியின் கைத்தடி ஆகிய அனைத்தும் அதன் வாய்ப்படுகின்றன. “இப்படியும் ஒரு வால் முளைத்த பிசாசு உண்டோ! தூணிற் கட்டிப்போடு, தம்பி” என்கிறார் பாட்டி. இவ்விடத்திற் காரணத்தை ஆராய்தல் வேண்டும். நாய்க்குட்டிக்குப் பாற்பற்கள் 28. ஏறத்தாழ நான்காம் மாதம் முதல் அவை ஒவ்வொன்றாக விழுந்து, ஏழாம் மாத அளவில் 42 நிலைப்பற்கள் நிறைவு பெறும். அக்காலத்தில் ஈறு தினவெடுக்கும். கடிப்பது குட்டியின் தீக்குணம் அன்று. வளரும் பல்லின் தேவை. கடிக்காதே என்று தடுப்பதைவிட, கடிக்கத்தக்க பொருளைக் கொடுப்பதே அறிவுடைமை. சிறுவன் பழைய கெட்டித் துணியை முறுக்கி முடிச்சிட்டு, நீரில் நனைத்துக் கொடுக்கிறான். பழஞ்செருப்பைக் கொடுத்தல் தவறு. பழஞ்செருப்பு எது, புதுச்செருப்பு எது என்று குட்டி வேறுபாடு அறியாது.

பாட்டி சொன்னவாறு நாள் முழுதும் கட்டிப்போடலாமா? அதற்குச் சட்டமே விடை கூறுகிறது. மதுரையில் 1904ஆம் ஆண்டு பிறந்து, நாட்டியக் கலைக்குத் தொண்டாற்றிய ருக்மிணி தேவி அருண்டேல், 1952ஆம் ஆண்டு மாநிலங்களவை உறுப்பினராக நியமிக்கப்பெற்றார். வாயற்ற உயிர்களின் துன்பம் துடைக்க அவர் அவ்வவையில் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அம்முயற்சியின் தொடர்ச்சியாக 1960ஆம் ஆண்டு விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. மிகக் குட்டையான சங்கிலியில் நெடுநேரம் விலங்கைக் கட்டிவைப்பதும், எப்போதும் கட்டியே வைத்துள்ள நாயை உரிமையாளர் நடமாட விடாமல் இருப்பதும் அச்சட்டப்படி குற்றமாகும். ஓடுவதற்கென்றே அமைந்த உடலை ஓடாமல் தடுப்பதும் ஒருவகை வதையே என்பதை அச்சட்டம் ஏற்றுக்கொண்டுள்ளது.

அதற்காகக் குட்டியைத் தெருவில் அவிழ்த்துவிடுவதும் தகாது. நாளைக்கு இருமுறை, கயிற்றிற் பிடித்துக்கொண்டு, அதன் வயதுக்கு ஏற்ற அளவில் நடக்கவிட வேண்டும். மனிதனைப்போல் நாயின் உடல் முழுதும் வியர்ப்பதில்லை. பெரும்பாலும் நாவை நீட்டி இளைத்தே அது வெப்பத்தைத் தணித்துக்கொள்கிறது. ஆதலால் தஞ்சைப் பகுதியின் கோடை வெயிலில், கதிரவன் எழுமுன்னும் விழுந்த பின்னுமே அதனை அழைத்துச் செல்லுதல் நன்று. தார்ச்சாலையிற் புறங்கையை வைத்துப் பார்த்தால், கை பொறுக்காத சூட்டைக் குட்டியின் பாதமும் பொறுக்காது என்பது விளங்கும். வீடு திரும்பியதும் காதின் உட்புறத்தையும் விரலிடுக்குகளையும் சோதித்து, உண்ணிகள் உளவா என்று பார்க்க வேண்டும்.

அன்று மாலை மற்றொரு நிகழ்ச்சி. தங்கை துணிமுடிச்சை இழுத்து விளையாடும்போது குட்டியின் பல் அவள் கையிற் பட்டுக் குருதி துளிக்கிறது. “மஞ்சள் வைத்துக் கட்டினால் ஆறிவிடும்” என்கிறார் பாட்டி. சிறுவனோ தன் அறிவியற் பாடத்தில் படித்ததை நினைவுகூர்ந்து, தங்கையைக் குழாயடிக்கு அழைத்துச் சென்று, ஓடும் நீரில் சவர்க்காரம் இட்டுப் பதினைந்து நிமிடம் புண்ணைக் கழுவுகிறான். பின்னர்த் தாய் அவளை ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் செல்கிறார். குட்டியின் தடுப்பூசி அட்டையையும் உடன் கொண்டு செல்கிறார்.

சிறு கீறலுக்கு இத்துணை எச்சரிக்கை வேண்டுமா என்று சிலர் வினவலாம். வேண்டும். ரேபிஸ் எனப்படும் வெறிநாய்க்கடி நோயின் கிருமி, நோயுற்ற விலங்கின் உமிழ்நீர் வழியாகப் புண்ணிற் புகுந்து, நரம்பின் வழியே மூளையை அடைகிறது. நோய்க்குறிகள் தோன்றிய பின் பிழைத்தல் மிக மிக அரிது. ஆனால் கடித்த உடனே கழுவி, காலந் தாழ்த்தாமல் தடுப்பூசி போட்டுக்கொண்டால் அந்நோய் வாராமலே தடுத்துவிடலாம். பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர் 1885ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 6ஆம் நாள், வெறிநாயாற் கடியுண்ட ஒன்பது வயதுச் சிறுவன் சோசப் மைஸ்டருக்கு முதன்முதல் இம்மருத்துவத்தைத் தொடங்கினார். அச்சிறுவன் பிழைத்தான். தென்னாட்டில் நீலகிரியைச் சார்ந்த குன்னூரில் 1907ஆம் ஆண்டு பாஸ்டர் நிலையம் நிறுவப்பட்டது. இத்துணை வாய்ப்பு இருந்தும், உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் இந்நோயால் இறப்பதாக உலக நல நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. மருந்து இல்லாமையினும், உரிய காலத்தில் மருத்துவரை நாடாமையே பல உயிர்களைக் கொள்கிறது. மஞ்சளும் சுண்ணாம்பும் காப்பித்தூளும் கடிவாயில் வைப்பது பயனற்றது. வளர்ப்பு நாயாயினும், தடுப்பூசி போட்ட நாயாயினும், என்ன செய்வது என்று முடிவு செய்பவர் மருத்துவரே ஆதல் வேண்டும்.

கடித்ததற்காகக் குட்டியைத் தண்டிக்கவில்லை சிறுவன். மறுநாள் முதல், பல் கையிற் பட்ட உடனே விளையாட்டை நிறுத்திச் சிறிது நேரம் முகம் திருப்பிக்கொள்கிறான். துணியைக் கடித்தால் ‘நன்று’ என்று தட்டிக்கொடுக்கிறான். கடித்தால் விளையாட்டு நின்றுவிடும் என்பதை மணி மெல்ல மெல்ல உணரத் தொடங்குகிறது. அடியினும் இம்முறை மெதுவானதாகத் தோன்றலாம். ஆயினும் இதனாற் கற்றதே நிலைக்கும்.

மூன்றாம் நாள் பொறுப்பின் உண்மையான சோதனை வருகிறது. ஆனி மாதத் தொடக்கம் அது. குறுவைச் சாகுபடிக்காகச் சூன் 12ஆம் நாளையொட்டி மேட்டூர் அணை திறக்கப்பெறும் ஆண்டுகளில், அந்நீர் சில நாளிற் கல்லணையை அடைந்து, காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் எனப் பிரிந்து, கிளையாறுகள் வழியாக வாய்க்கால்களை நிறைக்கும். உழவர் மகிழும் அக்காலம் நாய்க்குட்டி வைத்திருப்போர் விழிப்போடு இருக்க வேண்டிய காலமாகும். நேற்றுவரை வறண்டு கிடந்த வாய்க்கால் இன்று கரைபுரண்டு ஓடும். சிமெண்டுக் கரை உடைய வாய்க்காலில் விழுந்த குட்டிக்குப் பற்றி ஏறப் பிடி கிடைக்காது. எலிக்கு வைத்த நஞ்சுணவு வரப்பிற் கிடக்கலாம். எலியின் சிறுநீர் கலந்த தேங்குநீரால் எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும், மனிதனுக்கும் வரும்.

அன்று மாலை நடந்து செல்கையில் கொக்கு ஒன்று கரையோரம் பறந்து இறங்குகிறது. மணி ஒரே துள்ளாகத் துள்ளுகிறது. தளர்ந்திருந்த கழுத்துப்பட்டை தலை வழியே கழன்றுவிடுகிறது. கழுத்துக்கும் பட்டைக்கும் இடையே இரண்டு விரல் நுழையும் அளவே இடம் இருத்தல் வேண்டும் என்பதைச் சிறுவன் அன்று பார்க்கத் தவறிவிட்டான். குட்டி வாய்க்காற் கரையை நோக்கி விரைகிறது. பின்தொடர்ந்து ஓட அவன் கால்கள் துடிக்கின்றன. ஆயினும், துரத்தினால் அதனை விளையாட்டு என்று எண்ணிக் குட்டி மேலும் விரையும் என்று சித்தி சொல்லியிருந்தது நினைவுக்கு வருகிறது. அவன் நின்ற இடத்தில் நின்று, “மணி!” என்று மகிழ்ந்த குரலில் ஒருமுறை அழைத்து, எதிர்ப்புறமாகத் திரும்பி ஓடுகிறான். கரை விளிம்பில் நின்ற குட்டி திரும்பிப் பார்க்கிறது. கொக்கைப் பார்க்கிறது, ஓடும் சிறுவனைப் பார்க்கிறது. பின்னர்க் காதுகள் காற்றிற் பறக்க அவனை நோக்கி ஓடிவருகிறது. அவன் தரையில் அமர்ந்து அதனை அணைத்துக்கொள்கிறான். ஏன் ஓடினாய் என்று அதட்டவில்லை. அழைத்தவுடன் வந்த உயிரை அதட்டினால், அடுத்த முறை அழைக்கும்போது அது வாராது.

ஒருவேளை குட்டி நீரில் விழுந்திருந்தால்? அப்பொழுதும் பாயும் நீரிற் சிறுவர் குதித்தல் கூடாது. பெரியோரைக் குரல் கொடுத்து அழைத்து, கரையில் நின்றவாறே கயிற்றையோ கழியையோ நீட்ட வேண்டும். ஓர் உயிரைக் காக்கப் புகுந்து இரண்டு உயிர்களை இழப்பது காவல் ஆகாது.

அன்றிரவு சிறுவன் கழுத்துப்பட்டையின் துளையை ஒன்று இறுக்கி வைக்கிறான். கொல்லைப் படலின் இடைவெளியைத் தென்னமட்டையால் அடைக்கிறான். தான் பள்ளி சென்றிருக்கும் நேரத்தில் பாட்டியே குட்டியைப் பார்க்க வேண்டியிருப்பதால், நண்பகலில் அதற்கு நீர் வைப்பதையும், வாயிற்படலைச் சாத்துவதையும் பாட்டியிடம் நினைவூட்டுகிறான். காவல் ஒருவர் பொறுப்பாயினும், அதனை வீடு முழுதும் சேர்ந்தே நிறைவேற்ற இயலும். நாயை வெறுத்த பாட்டி, நான்காம் நாள் நண்பகலில் தயிர்ச்சோற்றைப் பிசைந்து, “வெங்காயம் படவில்லை, தம்பி, கையைக் கழுவிவிட்டுத்தான் பிசைந்தேன்” என்கிறார்.

நான்காம் நாள் மாலை சித்தி வருகிறார். சிறுவன் குட்டியை மட்டும் ஒப்படைக்கவில்லை. குறிப்பேட்டையும் கொடுக்கிறான். எந்நாள் எவ்வளவு உண்டது, எப்பொழுது உறங்கியது, முன்பல் ஒன்று விழுந்தது, தங்கையைக் கடித்தது, மருத்துவர் கூறியது, பட்டை கழன்று வாய்க்காலருகே ஓடியது ஆகிய அனைத்தும் அதில் உள்ளன. “இதையும் எழுத வேண்டுமா?” என்று தங்கை அவனிடம் கேட்டதுண்டு. நேர்ந்தது முழுவதையும் உரியவர் அறிந்தாலன்றி, அடுத்து எதனைக் காக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. நல்லதை மட்டும் சொல்லித் திருப்பிக் கொடுத்தால் அடைக்கலம் முழுமை பெறாது.

இன்று கால்நடை மருத்துவ அறிவு கிராமங்களுக்கும் எட்டியுள்ளது. தஞ்சை மாவட்டம் ஒரத்தநாட்டில் 2012ஆம் ஆண்டு கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கப்பெற்றது. 14,000 ஆண்டுகளுக்கு முன் ஓபர்காசெலில் ஒரு குட்டியை நலிவித்ததாகக் கருதப்படும் டிஸ்டெம்பர் நோய்க்கு இன்று தடுப்பூசி உண்டு. அன்றைய மனிதரிடம் மருந்து இல்லை. அருகிருந்து காக்கும் நெஞ்சம் இருந்தது. இன்றைய மனிதரிடம் மருந்து இருக்கிறது. அந்நெஞ்சமும் உடன் இருந்தால்தான் மருந்து உரிய காலத்தில் உரிய உயிருக்குப் போய்ச் சேரும்.

துள்ளும் குட்டியைக் காப்பவர் அதன் துள்ளலை அடக்க முயலுதல் வேண்டா. அத்துள்ளலே அதன் வளர்ச்சி. ஆற்று நீரை உழவர் தடுத்து நிறுத்திவிடுவதில்லை. கரை அமைத்து, மதகு வைத்து, வயலுக்குத் திருப்புகின்றனர். கரையின்றி விட்டால் நீர் பயிரை அழிக்கும். முற்றும் அடைத்துவிட்டால் பயிர் காயும். இளமையின் விரைவும் அத்தகையதே. அதற்குக் கரையாக நிற்பவர் பொறுமையும் அறிவும் உடையவராய் இருத்தல் வேண்டும். தன்னிடம் விடப்பட்ட உயிர், தன்னை நம்பியவர் கைக்கு நலமாகத் திரும்பிச் செல்வதைக் காண்பதே அப்பொறுப்பை ஏற்றவர் பெறும் பயன்.